விரல் முன்னே, ஓசை பின்னே

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கண்ணாடிக்காரர் வீட்டில் அது தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. அவர் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்துவார். ஓசை வராது. சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று விரலைத் தூக்குவார். அப்போது வரும் 'டிங்' என்று, சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியபிறகு வந்து நிற்கும் விருந்தாளி மாதிரி.

ஒரு கட்டைக்கே இந்தக் கதி என்றால் ஒரு முழு மெட்டுக்கு என்ன ஆகும்? விரல் சரணத்துக்குப் போய்விடும், காது பல்லவியிலேயே உட்கார்ந்திருக்கும். காது வந்து சேரட்டும் என்று விரல் காத்திருக்கும். விரல் காத்திருப்பதால் ஓசை இன்னும் பின்தங்கும். கடைசியில், துள்ளிக் குதித்து வரவேண்டிய மெட்டு, முட்டிவலிக்காரர் மாடிப்படி இறங்குவது போல இறங்கி வரும்.

அன்று மாலை அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று சபதம் போட்டார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தத் தாமதத்தை ஒழிச்சுக் கட்டலைன்னா நான் மனுஷனே இல்ல."

பக்கத்து அறையில் தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"என்னங்க, யாரை ஒழிச்சுக் கட்டப் போறீங்க?"

"யாரையும் இல்லம்மா. நீ பாட்டுக்குத் தை."

மெஷின் மறுபடி ஓடியது. சபதத்தை அவர் இரண்டாம் முறை வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் என்றால் கடைத்தெரு முழுக்கத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடை அவருடையது. எந்த எழுத்தைப் பார்த்து யார் திணறினாலும், லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெரியுதா, இதுல தெரியுதா" என்று கேட்டுக் கேட்டே பார்வையைச் சரிசெய்துவிடுவார். பகலெல்லாம் ஊராருக்குக் கண். மாலையில் தனக்குக் காது. வீட்டின் பின்னறையில் ஒரு பழைய கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பக்கம் மட்டும் பாடும் ஆம்ப்ளிஃபயர், எந்தப் பக்கமும் பாடாத டேப் டெக். இதற்கு அவர் வைத்த பெயர் ஸ்டூடியோ. தையல்காரியான அவர் மனைவி வைத்த பெயர் குடோன்.

அந்தக் குடோனிலிருந்து இதுவரை ஒரு மெட்டும் வெளியே போனதில்லை. லென்ஸ் தேய்க்கும் மெஷினின் ரீங்காரத்தோடு சேர்ந்து முணுமுணுத்து அவர் உண்டாக்கிய மெட்டுகளைக் கேட்டவர்கள், கண்ணாடிக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர்கள் மட்டும்தான். அவர்களும் வேறு போக்கிடம் இல்லாமல் கேட்டார்கள். அப்படி இருக்கும்போது ஒரு நாள் மாடிவீட்டு ரேடியோக்காரர் படிக்கட்டில் அவரை நிறுத்தினார். வானொலி நிலையத்தில் காலை நிகழ்ச்சி தயாரிப்பவர் அவர்.

"நீங்க முணுமுணுத்துக்கிட்டே போனீங்களே, அது என்ன பாட்டு?"

"அது... என்னோடதுதான்."

"நம்ம காலை நிகழ்ச்சிக்கு ஒரு ஆரம்ப இசை தேடிக்கிட்டிருக்கேன். ஒழுங்கா வாசிச்சுப் பதிவு பண்ணி வைங்க. ஞாயித்துக்கிழமை வந்து கேக்கறேன். அமைஞ்சா போட்டுடலாம்."

அன்று சாப்பிடும்போது கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய இசையை ஒரு மனிதர் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. வாய்ப்பு வாசல்படி வரை வந்துவிட்டது. ஓசைதான் விரல் வரை வந்தபாடில்லை.

குற்றவாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற அந்த மலிவான மிடி வயர்தான். அதை எடுத்தெறிந்துவிட்டு நல்லதாக ஒரு மிடி இன்டர்ஃபேஸ், அதாவது இணைப்புப் பெட்டி, வாங்கி வைத்தால் தீர்ந்தது. வாங்கலாம்தான். ஆனால் வீட்டுக்குள் கொண்டு வருவது எப்படி?

ஏனென்றால் அந்த வீட்டில் ஒரு சட்டம் அமலில் இருந்தது. ஒரு பெட்டி உள்ளே வந்தால் ஒரு பெட்டி வெளியே போகவேண்டும். இயற்றியவள் மனைவி. போன வருஷம் அலமாரி மேலிருந்து அந்த ஒற்றைக்காது ஆம்ப்ளிஃபயர், அவள் தைத்து அடுக்கியிருந்த பள்ளிக்கூடச் சீருடைகளின் மேல் விழுந்த அன்று இயற்றினாள். கண்ணாடிக்காரர் பயத்தில் தலையாட்டிவிட்டார்.

ஆனால் அந்தச் சட்டம் அவளையும் சேர்த்துத்தான் கட்டிப்போட்டது. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் அவளிடம் இல்லை. தைத்த சீருடைகளை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு, ஓவர்லாக் அடிக்க அடுத்த தெருக் கடைக்குப் போய்க் காத்துக் கிடப்பாள். ஒரு நாள் மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"என்னங்க, ஓவர்லாக் மெஷின் ஒண்ணு வாங்கிப் போடலாம்னு பாக்கறேன்."

"தாராளமா வாங்கு. எந்தப் பெட்டி வெளிய போகுது?"

"எங்கிட்ட இருக்கறதே ஒரு தையல் மெஷின். அதை அனுப்பிட்டு எதுல தைக்கறது?"

"சட்டம்னா சட்டம்மா. போட்டது நீ."

"கொஞ்சம் தளர்த்திக்கலாமே."

"அது எப்படி? ஒருத்தர் ஒரு தடவை மீறிட்டா அதோட சட்டம் செத்துப்போச்சு. அப்புறம் யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் கொண்டு வரலாம். வீடு வீடா இருக்குமா? நான் மீற மாட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயித்த ஒரே வாதம் அது. அவள் பதில் பேசாமல் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனைவி பதில் பேசாமல் போனால் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற கணவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இவரும் ஒருவர்.

இப்போது சட்டப்படி நடக்க வேண்டுமானால் டேப் டெக்கை வெளியே அனுப்ப வேண்டும். ஓடாத டெக்தான். ஆனாலும் ஒரு காலத்தில் ஓடிய டெக் அல்லவா. மனசு வரவில்லை. ஆக, மீறுவது என்று முடிவாயிற்று. மீறியது தெரியாமல் மீறுவது என்றும் சேர்த்தே முடிவாயிற்று.

இசைக்கருவிக் கடையில் குடுமி போட்ட விற்பனையாளர் பொறுமையாக விசாரித்தார்.

"கீபோர்டுல யூஎஸ்பி இருக்கா சார்?"

"பழசு. பின்னால ரெண்டு வட்ட ஓட்டைதான்."

"அதுதான் மிடி. ஒண்ணு சேதி உள்ள வர, ஒண்ணு வெளிய போக. நீங்க எந்தக் கட்டையை எவ்வளவு வேகமா அழுத்தினீங்கங்கற சேதி மட்டும்தான் அந்த வழியா போகும். சத்தத்தை உண்டாக்கறது கம்ப்யூட்டர். வயர் மட்டமா இருந்தா சேதி தடுமாறும். நாலு உள்ள, நாலு வெளிய இருக்கற இன்டர்ஃபேஸ் இருக்கு. ரெண்டுக்கு ரெண்டு இருக்கு. உங்ககிட்ட எத்தனை கீபோர்டு?"

"ஒண்ணே ஒண்ணு."

"அப்ப உங்களுக்கு ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய. அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என் சம்சாரம் இங்க வந்திருந்தாளா?"

"யாரு சார்?"

"ஒண்ணும் இல்ல. அதையே குடுங்க."

"ஒரு நிமிஷம். சத்தத்தை எதுல கேக்கறீங்க? ஸ்பீக்கரா?"

"ஹெட்போன்."

"நல்லதா?"

"என் சம்சாரம் பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தது."

விற்பனையாளர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் கல்யாணமானவர்.

இன்டர்ஃபேஸ் ஒரு சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. அதன் அட்டைப்பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டார். பெட்டி இல்லாமல் வருவது பெட்டி ஆகாது என்று ஒரு சட்ட நுணுக்கம் அவருக்குத் தோன்றியிருந்தது. காலியான சாப்பாட்டு டப்பாவைத் துடைத்து, லென்ஸ் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவர் சோறே இல்லாமல் மறைத்தார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். மனைவி எதிரே வந்தாள். அவர் கை தானாக நீண்டு டப்பாவை அவளிடம் கொடுத்தது. கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து நடந்துவரும் காரியம். கைக்கு என்ன தெரியும், இன்றைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று.

"என்னங்க, டப்பா கனக்குது. சாப்பிடலையா?"

"சாப்பிட்டேனே. அது... குடு, இன்னிக்கு நானே கழுவறேன்."

"நீங்களா?"

"ஏன், நான் கழுவக் கூடாதா?"

"நல்லாக் கழுவலாம். பாத்திரம் தேய்க்கற சோப்பு எங்க இருக்கு, தெரியுமா?"

"எங்கயாவது இருக்கும். தேடிக்கறேன்."

அவள் டப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"பாத்து. உள்ள தண்ணி படாமக் கழுவுங்க."

உள்ளே தண்ணீர் படாமல் டப்பா கழுவுவது எப்படி என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று சமையலறைக்குள் ஓடினார். குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு, பின்பக்கமாக ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, இன்டர்ஃபேஸைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகினார். அதில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது. வயர்களை மாட்டினார். ஹெட்போனைக் காதில் வைத்தார். நல்ல ஹெட்போன். வயரே கிடையாது. "வயர் தடுக்கி நானும் விழ வேண்டாம், உங்க டிங்டிங் என் காதுலயும் விழ வேண்டாம்" என்று சொல்லி அவள் கொடுத்த பரிசு. கண்ணை மூடி ஒரு கட்டையை அழுத்தினார்.

ஒன்றும் இல்லை. விரலைத் தூக்கினார். 'டிங்'.

குற்றவாளி என்று தூக்கிலிட்ட மிடி வயர் நிரபராதியாகக் குப்பைக்கூடையில் கிடந்தது.

அடுத்த நாள் கம்ப்யூட்டருக்குள் இறங்கினார். பஃபர் என்று ஒன்று இருக்கிறது. ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து அனுப்புகிற தொட்டி. தொட்டி பெரிதாக இருந்தால் தாமதம். இவர் தொட்டியைப் பாதியாக்கினார். தாமதம் போகவில்லை. அதில் பாதியாக்கினார். அப்படியே இருந்தது. கரண்டியளவுக்குக் கொண்டுவந்தார். தாமதமும் இருந்தது, கூடவே எண்ணெய்ச் சட்டியில் ஈரக்கை பட்டது மாதிரி படபட என்று ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது. மறுபடி தொட்டியைப் பழைய அளவுக்கே கட்டினார்.

கடையில் லென்ஸ் மாற்றுகிற மாதிரியே ஒவ்வொன்றாக மாற்றினார். வயரை மாற்றினார், இதுவா? செருகுகிற ஓட்டையை மாற்றினார், இதுவா? டிரைவர் மென்பொருளைப் புதுசாகப் போட்டார், வைரஸ் காவல்காரனைத் தூங்கவைத்தார், மேஜையைக்கூடச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்தார். எதுவும் இல்லை.

மனைவி காபியோடு கதவருகில் வந்து நின்றாள்.

"அது என்னங்க, நீல வெளிச்சம்?"

"கம்ப்யூட்டர் வெளிச்சம்."

"கம்ப்யூட்டருக்கு வெளியதானே எரியுது."

"வெளிச்சம்னா வெளியதான் எரியும்."

"ஓஹோ." காபியை வைத்தாள். "ஹெட்போன் நல்லா வேலை செய்யுதா?"

"பிரமாதம். இந்த ரூம்லயே கோளாறு இல்லாத பொருள் அது ஒண்ணுதான்."

"அப்படியா. சந்தோஷம்."

மனைவி கொடுத்த பரிசைச் சந்தேகப்படும் தைரியம் எந்த வீட்டில் எந்தக் கணவனுக்கு வந்திருக்கிறது? ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போட்டவர், தன் காதில் இருந்ததைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாலை அவர் கீபோர்டை மூடிவிட்டார். உண்மையாகவே மனசு உடைந்துபோயிற்று. ஸ்டூடியோவில் நின்று, ரேடியோக்காரரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சார், இந்தத் தடவை முடியல. வேற யாரையாவது பாருங்க. எனக்கு லென்ஸ்தான் சரி." மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் கம்மியது. பக்கத்து அறையில் மெஷின் நின்றது. வெகுநேரம் ஓடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் அவள் ஸ்டூடியோவில் இருந்தாள். கையில் பழைய ஹெட்போன். வயர் இரண்டு இடத்தில் நைந்து டேப் சுற்றியது. தூக்கிப் போட்டுவிட்டதாக அவர் நினைத்திருந்த அதை, அவள் பட்டன் டப்பாவில் பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்தாள்.

"இதை மாட்டுங்க."

"இது எதுக்கு? அதான் நீ குடுத்தது..."

"மாட்டுங்கன்னா மாட்டுங்க."

மாட்டினார். வயரைக் கம்ப்யூட்டரில் அவளே செருகினாள். அவர் வேண்டாவெறுப்பாக ஒரு கட்டையை அழுத்தினார்.

'டிங்'.

விரல் இறங்கியபோதே ஓசையும் இறங்கியது. அவர் நம்பவில்லை. இன்னொன்றை அழுத்தினார். இரண்டு கையையும் வைத்தார். பல்லவியில் விரல் இருந்தபோது காதும் பல்லவியில் இருந்தது. சரணத்துக்கு இரண்டும் சேர்ந்தே போயின. மெட்டு முட்டிவலி தீர்ந்து துள்ளி ஓடியது. வாசித்து முடித்துத் திரும்பியபோது அவர் முகம் முழுக்க ஈரம். இந்த முறை காரம் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"ஹெட்போனா? இத்தனை நாளா ஹெட்போனா?"

"வயர் இல்லாததுல சத்தத்தைப் பார்சல் கட்டி அனுப்பி, காதுகிட்ட வந்து பிரிக்கணும்ல. கட்டறதுக்கும் பிரிக்கறதுக்கும் நேரமாகாதா?"

"உனக்கு எப்படி..."

அதற்குள் வாசல் மணி அடித்தது. அவளுடைய தம்பி, சரக்கு வண்டி ஓட்டுகிறவன், மார்போடு அணைத்த ஒரு பெரிய பெட்டியுடன் நின்றான். பெட்டியின் மேல் ஓவர்லாக் மெஷின் படம் போட்டிருந்தது.

"மாமா, வழி விடுங்க. கை அறுந்துடும் போல இருக்கு."

கண்ணாடிக்காரர் வாசலில் குறுக்கே நின்றார்.

"இரு மாப்ளே. பெட்டி உள்ள வருதுன்னா எந்தப் பெட்டி வெளிய போகுது? சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"செத்துப்போச்சுங்க," என்றாள் மனைவி.

"எப்ப?"

"நீங்க டப்பா கழுவின அன்னிக்கு."

அவர் ஸ்டூடியோ பக்கம் பார்த்தார். நீல விளக்கு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"அது பெட்டி இல்ல. அட்டைப்பெட்டியைக் கடையிலயே விட்டுட்டுத்தான்..." என்று தொடங்கி, நுணல் மாதிரி தன் வாயாலேயே அகப்பட்டுக்கொண்டதை உணர்ந்து நிறுத்தினார்.

"ஒருத்தர் ஒரு தடவை மீறிட்டா அதோட சட்டம் செத்துப்போச்சு. அப்புறம் யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் கொண்டு வரலாம். யார் சொன்னது இது?"

"மாமா, யார் சொன்னா என்ன, எங்க இறக்கட்டும்?" என்றான் தம்பி.

"ஸ்டூடியோவுல," என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து அந்த அறைக்கு அந்தப் பெயர் வந்தது அன்றுதான். அதைக் கேட்டு அவர் தன்னையறியாமல் வழிவிட்டுவிட்டார். கீபோர்டு இருந்த மேஜைக்குப் பக்கத்திலேயே ஓவர்லாக் மெஷின் உட்கார்ந்தது. அதன் நூல்கண்டுகள் ஏறி அமர்ந்ததில், எந்தப் பக்கமும் பாடாத டேப் டெக்குக்குக்கூட ஒரு உத்தியோகம் கிடைத்தது.

அவர் உட்கார்ந்து மெட்டை ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்தார். முடிக்கவும் ரேடியோக்காரர் வந்துசேரவும் சரியாக இருந்தது. டேப் சுற்றிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் கண்ணை மூடினார். மனைவி துணியை மடியில் வைத்துக்கொண்டு மெஷினைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ரேடியோக்காரர் இரண்டாம் தடவையும் கேட்டார். அவர் கால் தாளம் போட்டது.

"நல்லா இருக்கு சார். ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நீளம். இது முடிஞ்சு நாங்க வணக்கம் சொல்றதுக்குள்ள கேக்கறவங்க குளிச்சிட்டு ஆபீசுக்குக் கிளம்பிடுவாங்க."

"எங்க குறைக்கறதுன்னே தெரியலையே," என்றார் கண்ணாடிக்காரர் பரிதாபமாக. அதில் ஒவ்வொரு சுரமும் அவர் பெற்ற பிள்ளை.

"மூணாவது தடவை மேல ஏறி இறங்குதுல்ல, அந்த இடத்துல மடிச்சு அடிச்சிடுங்க," என்றாள் மனைவி ஊசிக்கு நூல் கோத்தபடி. "அதுக்கப்புறம் வர்றது மிச்சத் துணி."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். நான்கு சுவருக்குள் அவர் முணுமுணுத்த மெட்டை அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தில் வெட்டிப் போட்டுக் காட்டினார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

"திங்கக்கிழமையிலேருந்து இதுதான்," என்றார் ரேடியோக்காரர்.

அவரைப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, தரையில் கால் பாவாமல் திரும்பி வந்தார் கண்ணாடிக்காரர். நாளை காலையில் ஊர் முழுக்க அவர் மெட்டோடு எழுந்திருக்கப்போகிறது. அந்த மிதப்பிலும், உள்ளே தண்ணீர் படாமல் டப்பா கழுவுவது எப்படி என்ற கேள்வி, இத்தனை நாள் கழித்து வந்து அவர் முன்னால் நின்றது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"எது, டப்பாவா, ஹெட்போனா?"

"ரெண்டும்."

"டப்பா அன்னிக்கே. அன்னிக்கே தம்பிகிட்டச் சொல்லி மெஷினுக்கும் சொல்லிட்டேன். ஹெட்போன் உங்க பிறந்தநாளுக்கு மறுநாளே தெரியும். அதை மாட்டிக்கிட்டுத் துணி வெட்டற வீடியோ பார்த்தேன். கத்தரி வெட்டி முடிச்ச பிறகு 'கரக்'னு சத்தம் வருது."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"மெஷின் வந்த பிறகு சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். நேத்து உங்க குரலைக் கேட்டு மனசு கேக்கல. அதான் காலையிலேயே எடுத்துக் குடுத்துட்டேன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, நீங்க அந்தப் பெட்டியைக் கொண்டு வந்திருப்பீங்களா?"

இதற்கு ஒரு பிரமாதமான பதில் அவருக்குத் தோன்றியது. தோன்றி நாக்குக்கு வந்து சேர்வதற்குள் ஓவர்லாக் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.